சிமுலேட்டரில் தேறியவர்கள் சுடுதளத்தில் தடுமாறுவது ஏன்? ரிசர்வ் படைப் பிரிவுக்கு ஏற்ற பயிற்சிமுறை எது?

பதிவிட்டவர்: பயிற்சிப் பொறுப்பாளர்

அனைவருக்கும் வணக்கம். ரிசர்வ் காலாட்படைப் பிரிவு ஒன்றில் துப்பாக்கிப் பயிற்சிக்குப் பொறுப்பாக இருக்கிறேன். எங்கள் பிரிவினர் ஆசிரியர்களாகவும் ஓட்டுநர்களாகவும் கணக்காளர்களாகவும் வேலை பார்ப்பவர்கள். ஆண்டில் சில வார இறுதிகளிலும் ஒரு தொடர் முகாமிலும் மட்டுமே சீருடை அணிகிறார்கள். ஒருவர் துப்பாக்கியைத் திருப்பி ஒப்படைத்த பிறகு மீண்டும் அதைக் கையில் வாங்குவதற்குள் பல மாதங்கள் ஓடிவிடுகின்றன.

சென்ற ஆண்டு, சுடுதளத்துக்குப் போவதற்கு மூன்று வாரம் முன்பாக, இரண்டு மாலைப் பொழுதுகள் உள்ளரங்கச் சிமுலேட்டர் எங்களுக்குக் கிடைத்தது. உண்மைத் துப்பாக்கியின் எடையும் உருவமும் கொண்ட கருவி, குழலுக்குள் லேசர், அழுத்திய காற்றால் ஒரு சிறு உதைப்பு, எதிரே பெரிய திரை என்ற வழக்கமான அமைப்புதான். தகுதித் தேர்வின் வரிசையையே திரும்பத் திரும்ப ஓட்டினோம். இரண்டாம் மாலை முடிவதற்குள் ஏறத்தாழ எல்லோரும் தேர்ச்சி மதிப்பெண்ணைத் தொட்டுவிட்டதால் நிம்மதியாக இருந்தேன். ஆனால் உண்மையான தோட்டாக்களோடு சுடுதளத்தில் நின்றபோது, ஜீரோ செய்வதிலேயே, அதாவது குறிவைக்கும் இடத்திலேயே தோட்டா விழும்படி துப்பாக்கியின் குறிகளைச் சரிசெய்வதிலேயே, பாதி நாள் போயிற்று. சிலருடைய குரூப்பிங் (ஒரே இடத்தைக் குறிவைத்துச் சுட்ட தோட்டாக்களின் கூட்டம்) உள்ளங்கை அளவுக்குக்கூட அடங்கவில்லை. வலக்கைக்காரர்கள் பலருக்குத் தோட்டா இடப்பக்கக் கீழ்மூலையில் விழுந்துகொண்டே இருந்தது. தேர்வில் தவறியவர்களின் எண்ணிக்கையைப் பார்த்து, என் பயிற்சிதான் அவர்களை ஏமாற்றிவிட்டதோ என்று உண்மையிலேயே வருந்தினேன்.

இந்த ஆண்டு நான்கு மாலைகள் கிடைத்துள்ளன. சிமுலேட்டரே வேண்டாம், அந்த நேரத்தையும் பணத்தையும் கூடுதல் தோட்டாக்களுக்குச் செலவிடலாம் என்று எங்கள் அதிகாரிகளில் ஒருசாரார் சொல்கிறார்கள். அது சரியா? சிமுலேட்டரைத் தொடர்வதாக இருந்தால், அந்த நான்கு மாலைகளை எப்படிப் பங்கிடுவது? சுடுதள நாளுக்கு எவ்வளவு முன்பாக வைத்துக்கொள்வது? அனுபவமுள்ளவர்கள் விரிவாகச் சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும்.

—

பதில் 1: பழைய பயிற்றுநர்

வணக்கம். தங்கள் பதிவைப் படித்ததும் என் மனத்தில் எழுந்த கேள்வி ஒன்றே ஒன்றுதான்: அந்த இரண்டு மாலைகளிலும் திரையில் மதிப்பெண்ணைப் பார்த்தீர்களா, தடத்தைப் பார்த்தீர்களா?

சிமுலேட்டர் தரும் மிகப் பெரிய கொடை மதிப்பெண் அன்று. விசை (டிரிக்கர்) விடுபடுவதற்கு முன்னும் பின்னும் துப்பாக்கியின் முனை எங்கெங்கே அலைந்தது என்பதைக் கோடாக வரைந்து காட்டும் திறன்தான் அதன் உயிர்நாடி. சுடுதளத்தில் இலக்குத் தாளில் ஓர் ஓட்டையைத்தான் காண்கிறோம். அது ஏன் அங்கே விழுந்தது என்பதை அனுபவத்தைக் கொண்டு ஊகிக்கிறோம். சிமுலேட்டரில் ஊகத்துக்கு வேலையில்லை. சுடுபவர் இலக்கில் நிலைத்திருந்தாரா, மூச்சோடு சேர்ந்து முனை ஏறி இறங்கியதா, கடைசிக் கணத்தில் விசையைப் பறித்து இழுத்ததால் முனை கீழே போயிற்றா என்பதெல்லாம் கோட்டிலேயே தெரிந்துவிடும். விசைமீது விரல் கொடுத்த அழுத்தத்தையும் துப்பாக்கி பக்கவாட்டில் சாய்ந்திருந்ததையும்கூடத் தனியாகக் காட்டும் அமைப்புகள் உள்ளன.

தங்கள் பிரிவில் வலக்கைக்காரர்களுக்கு இடப்பக்கக் கீழ்மூலையில் தோட்டா விழுந்ததாக எழுதியிருக்கிறீர்கள். உதைப்பையும் ஓசையையும் எதிர்பார்த்து உடல் முன்கூட்டியே இறுகுவதற்கும், விசையை நேர் பின்னோக்கி அழுத்தாமல் பறித்து இழுப்பதற்கும் இது பழகிய அடையாளம். அந்தக் குறை சிமுலேட்டர் மாலைகளிலும் அவர்களிடம் இருந்திருக்கும். உதைப்பு மெலிதாக இருந்ததால் சிறிய அளவில் இருந்திருக்கும். மனித உருவ இலக்கின் அகலத்துக்குள் அந்தப் பிழை அடங்கிப் போனதால் இயந்திரம் அதைச் சரி என்று கணக்கிட்டுவிட்டது. சுடுதளத்தில் முழு ஓசையும் முழு உதைப்பும் வந்தபோது அதே குறை பெருத்து வெளியே வந்தது. ஆகவே, சிமுலேட்டர் அவர்களை ஏமாற்றவில்லை. அது காட்டிக்கொண்டிருந்ததை யாரும் பார்க்கவில்லை என்பதே என் கணிப்பு. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நானும் தொடக்கத்தில் பல ஆண்டுகள் மதிப்பெண்ணைத்தான் பார்த்தேன்.

தோட்டா இல்லாமல் குறிபழகுவது புதிய எண்ணமும் அன்று. பிரித்தானியக் கடற்படையின் பெர்சி ஸ்காட், பீரங்கி குறிபார்ப்பவர்களுக்காக ‘டாட்டர்’ என்ற எளிய கருவியை அமைத்தார். நகரும் இலக்குப் படத்தைக் குறியோடு ஒன்றச் செய்து விசையை அழுத்தினால், ஒரு பென்சில் தாளில் புள்ளி வைக்கும். குண்டுச் செலவே இல்லை. 1899-இல் அவருடைய ஸ்கில்லா கப்பல் 70 குண்டுகளில் 56 குண்டுகளை இலக்கில் சேர்த்தது. அந்தக் காலத்தில் அது யாரும் எதிர்பாராத அளவு. அந்த வெற்றியில் வேறு மாற்றங்களுக்கும் பங்குண்டு என்றாலும், சுடும் கணத்தில் கை என்ன செய்தது என்பதை உடனுக்குடன் அந்த ஆளுக்கே காட்டும் முறைதான் அதன் அடித்தளம். இன்றைய லேசரும் கேமராவும் செய்வதும் அதே வேலைதான்.

என் பரிந்துரை இது. முதல் மாலையில் மதிப்பெண் பலகையை அணைத்துவிடுங்கள். ஒரு பயிற்றுநருக்கு இரண்டு சுடுநிலைகளுக்கு மேல் தராதீர்கள். ஆள் போதாவிட்டால் நன்றாகச் சுடுபவர்களையே அருகில் உட்கார வையுங்கள். படுத்த நிலையில், ஒரே வட்ட இலக்கில், ஐந்து ஐந்து குண்டுகளாக மட்டும் சுடட்டும். ஒவ்வோர் ஐந்துக்கும் பிறகு எழுந்து வந்து தன் தடத்தைத் தானே பார்த்து, என்ன நடந்தது என்று தன் வாயால் சொல்லட்டும். நாம் சொல்வதைவிட அவரே சொல்வது நெடுநாள் நிற்கும். அடுத்த முகாம் பல மாதங்களுக்குப் பிறகு வரும் ரிசர்வ் படையினருக்கு இது மிகவும் முக்கியம்.

கற்பிக்க வேண்டியவையும் மிகச் சிலவே. பிரித்தானியத் தரைப்படை நான்கு நெறிகளாகச் சொல்வதைவிடத் தெளிவாக நான் எங்கும் கண்டதில்லை: உடல்நிலையும் பிடியும் துப்பாக்கியைத் தாங்குமளவு உறுதியாக இருக்க வேண்டும், வலிந்து திருப்பாமலே துப்பாக்கி இயல்பாக இலக்கை நோக்க வேண்டும், குறியமைப்பு சரியாக இருக்க வேண்டும், உடல்நிலை குலையாமல் குண்டை விடுவித்து, விட்ட பிறகும் அதே நிலையில் தொடர வேண்டும். இவற்றுள் இரண்டாவதைத்தான் ரிசர்வ் படையினர் முதலில் மறக்கிறார்கள். கண்ணை மூடி, ஒருமுறை மூச்சிழுத்து விட்டுக் கண்ணைத் திறக்கச் சொல்லுங்கள். குறி இலக்கைவிட்டு விலகியிருந்தால், கையால் துப்பாக்கியை இழுக்காமல் இடுப்பையும் காலையும் நகர்த்திச் சரிசெய்யச் சொல்லுங்கள். தடத்தில் உடனே வேறுபாடு தெரியும்.

—

பதில் 2: திரையரங்க இயக்குபவர்

நான் சுடுநர் அல்லன். இத்தகைய சிமுலேட்டர் கூடம் ஒன்றை இயக்கிப் பராமரிப்பவன். மேலே பயிற்றுநர் ஐயா சொன்னது முழுக்க உண்மை. கருவியின் பக்கத்திலிருந்து, பயிற்சிக்கு வருபவர்கள் பெரும்பாலும் கேட்காத சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

முதலாவது, தொலைவு. திரையில் தெரியும் 300 மீட்டர் உண்மையில் ஒரு கோண அளவு மட்டுமே. ஒரு மீட்டர் உயரமுள்ள இலக்கு 300 மீட்டரில் எவ்வளவு சிறிதாகத் தெரியுமோ அவ்வளவு சிறிதாகத் தெரிய வேண்டுமென்றால், எட்டு மீட்டர் தள்ளியுள்ள திரையில் அது ஏறத்தாழ 2.7 சென்டிமீட்டர் உயரம் இருக்க வேண்டும். இந்தக் கணக்கு சுடுபவரின் கண் குறித்த கோட்டில் இருந்தால்தான் பொருந்தும். பாயை ஒரு மீட்டர் முன்னே இழுத்துப் போட்டால், அதே இலக்கு 262 மீட்டரில் இருப்பதுபோல் பெரிதாகிவிடும். நெரிசலான மாலைகளில் பாய்கள் மெல்ல மெல்ல முன்னே நகர்வதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். தரையில் நாடா ஒட்டி, கண் எந்தக் கோட்டுக்கு மேலே வர வேண்டும் என்று அடையாளமிடுங்கள்.

இரண்டாவது, ஜீரோ. தங்களுக்குப் பாதி நாள் வீணானதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். சிமுலேட்டரில் ஜீரோ செய்யும்போது பெரும்பாலான அமைப்புகளில் மென்பொருள்தான் லேசர் விழும் இடத்துக்கும் சுடுபவரின் குறிக்கும் உள்ள வேறுபாட்டைக் கழித்துக்கொள்கிறது. அந்தத் திருத்தம் அந்தக் கருவிக்கும் அந்த ஆளுக்கும் அந்த மாலைக்கும் மட்டுமே உரியது. அவருடைய சொந்தத் துப்பாக்கியின் குறிகள் அப்படியேதான் இருக்கின்றன. ‘சிமுலேட்டரில் ஜீரோ செய்துவிட்டோம்’ என்று யாராவது சொன்னால் அன்போடு திருத்திவிடுங்கள். அங்கே பழக வேண்டியது ஜீரோ செய்யும் முறைதான்: நெருக்கமான குரூப்பிங் வரும்வரை குறியைத் தொடாமலிருப்பது, குரூப்பிங்கின் நடுவைக் கண்டுபிடிப்பது, குறியின் திருகை எத்தனை சொடுக்கு, எந்தப் பக்கம் திருப்புவது என்று கணக்கிடுவது. இந்த மூன்றும் கைவந்துவிட்டால் சுடுதளத்தில் மிகவும் நேரம் மிச்சமாகும்.

குழலின் முனைப்பக்கம் உள்ள முன்குறி சிறிது விலகினால் என்னவாகும் என்பதை வருபவர்களுக்கு எண்ணாகவே சொல்வது என் வழக்கம். முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 50 சென்டிமீட்டர் உள்ள துப்பாக்கியில், முன்குறி ஒரு மில்லிமீட்டர் விலகியிருந்தால், 300 மீட்டரில் தோட்டா 60 சென்டிமீட்டர் விலகும். இதைக் கேட்ட பிறகு அவர்கள் இலக்கை உற்றுப் பார்ப்பதை விட்டுவிட்டு முன்குறியைப் பார்க்கத் தொடங்குகிறார்கள். ஒளிக்குறி (கண்ணாடி வில்லை வழியே பார்க்கும் குறி) பொருத்திய துப்பாக்கிகளுக்கு இது அப்படியே பொருந்தாது.

நகரும் இலக்குகளை வைத்துப் பழக்கினால், மென்பொருளில் தோட்டாவின் பறக்கும் நேரம் இயக்கப்பட்டுள்ளதா என்று இயக்குபவரிடம் கட்டாயம் கேளுங்கள். லேசர் திரையைத் தொட நேரமே ஆகாது, 5.56 மில்லிமீட்டர் தோட்டாவுக்கோ 300 மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 0.4 விநாடி ஆகும். விநாடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில் நடக்கும் ஒருவர் அதற்குள் 60 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார். அந்த வசதி அணைக்கப்பட்டிருந்தால், இலக்கின் மேலேயே குறிவைக்கும் தவறான பழக்கத்தைத்தான் நாள் முழுவதும் ஊட்டிக்கொண்டிருப்போம். அதற்கு நகரும் இலக்கே இல்லாமலிருப்பது மேல்.

—

பதில் 3: களப்பணி

சிமுலேட்டரின் பயனை மறுக்கவில்லை. ஆனால் அதன் எல்லையை இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

துப்பாக்கி வெடிக்கும்போது சுடுபவரின் காதருகே எழும் ஓசை 150 டெசிபலைத் தாண்டும். காதடைப்பான் போட்டிருந்தாலும் மார்பிலும் முகத்திலும் அந்த அதிர்வு படும், பக்கத்து ஆளின் துப்பாக்கியிலிருந்து தெறிக்கும் சூடான வெற்றுக் குப்பி கழுத்தில் விழும், வியர்வை கண்ணில் இறங்கும், காற்று வீசும். இவற்றில் எதையும் ஒலிபெருக்கி தந்துவிடாது. ஆகவே தோட்டா ஒதுக்கீட்டைக் குறைத்து அந்த இடத்தில் சிமுலேட்டரை வைப்பது தவறு. அதே நேரத்தில், சிமுலேட்டரை நீக்கிவிட்டு வெறுமனே தோட்டாக்களைக் கூட்டுவதும் பயன் தராது. குறை எங்கே என்று அறியாத ஒருவருக்கு இன்னும் இருபது தோட்டா கொடுத்தால், அந்தக் குறையை அவர் இன்னும் இருபது முறை பழகிக்கொள்வார்.

அமெரிக்கத் தரைப்படையின் இன்றைய வரிசை இதில் நல்ல வழிகாட்டி. தனிநபர் ஆயுதப் பயிற்சியை அவர்கள் ஆறு அட்டவணைகளாகப் பிரித்திருக்கிறார்கள். அடிப்படைப் பாடமும் அதன் சோதனையும் முதலில்; சிமுலேட்டர் இரண்டாவது; மேகசின் (தோட்டாப் பெட்டி) மாற்றுவது, நிலை மாறுவது, துப்பாக்கி சிக்கிக்கொண்டால் தடங்கல் நீக்குவது போன்ற கைப்பயிற்சிகள் மூன்றாவது; குரூப்பிங்கும் ஜீரோவும் நான்காவது; ஒத்திகைச் சுடுதல் ஐந்தாவது; 40 இலக்குகளுக்கு 40 தோட்டாக்கள் கொண்ட தகுதித் தேர்வு ஆறாவது. அந்தத் தேர்வில் தேற 23 இலக்குகளாவது விழ வேண்டும். வழக்கமாக மாதத்தில் ஒரு வார இறுதியும் ஆண்டில் இரண்டு வாரமும் மட்டுமே கூடும் அவர்களுடைய ரிசர்வ் பிரிவுகளும் இதே படிகளில்தான் ஏறுகின்றன. சிமுலேட்டருக்கும் உண்மைத் தோட்டாவுக்கும் நடுவே ஒரு படி இருப்பதைக் கவனியுங்கள். தாங்கள் சென்ற ஆண்டு இரண்டாம் படியிலேயே ஆறாம் படியின் தேர்வை நடத்திவிட்டு, மூன்றாம் படியைத் தாண்டிக் குதித்திருக்கிறீர்கள்.

பாதுகாப்பைப் பற்றி ஒரு வார்த்தை. கேடு விளைவிக்காத கருவி என்ற எண்ணம் கூடத்துக்குள் வந்ததும் ஒழுங்கு தளர்ந்துவிடுகிறது. விசைமீது விரலை வைத்தபடியே திரும்பிப் பேசுவது, குழலை அண்டை ஆளின் பக்கம் சாய்ப்பது, சேம்பரை (தோட்டா ஏறி நிற்கும் அறையை) பார்க்காமல் துப்பாக்கியைக் கீழே வைப்பது ஆகிய மூன்றையும் ஒரே மாலையில் கண்டிருக்கிறேன். பல மாதங்களுக்கு ஒருமுறை மட்டும் துப்பாக்கியைத் தொடுபவருக்கு, அந்த மாலையில் கை பழகியதுதான் சுடுதளத்திலும் வரும். எனவே கட்டளைகள், பாதுகாப்புப் பொறுப்பாளர், சுட்டு முடித்ததும் சோதனை ஆகிய அனைத்தும் சுடுதளத்தில் நடப்பதுபோலவே கூடத்திலும் நடக்கட்டும். உண்மைத் தோட்டா ஒன்றுகூடக் கூடத்துக்குள் வராதபடி, வாசலிலேயே பைகளையும் மேகசின்களையும் சோதியுங்கள்.

உடுப்பையும் மறக்க வேண்டாம். தலைக்கவசமும் கவச உடுப்பும் இல்லாமல் டி-சர்ட்டில் படுத்துச் சுட்டவர், சுடுதளத்தில் அவற்றை அணிந்ததும் வேறொரு மனிதராகிவிடுகிறார். துப்பாக்கியின் பின்கட்டை தோளில் பொருந்தும் இடமே மாறிவிடும். படுத்த நிலையில் கவச உடுப்பின் மேல்விளிம்பு தலைக்கவசத்தின் பின்பகுதியை முட்டி முன்னே தள்ள, அது புருவத்தின் மேல் இறங்கி குறியை மறைக்கும். இந்தத் தொல்லைகளையெல்லாம் தோட்டாச் செலவில்லாத இடத்திலேயே தீர்த்துக்கொள்ளலாமே.

—

மறுமொழி: பயிற்சிப் பொறுப்பாளர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சென்ற ஆண்டுப் பதிவுகளைக் கூடத்தின் கணினியிலிருந்து எடுக்க முடியுமா என்று கேட்டேன், சிலருடையவை கிடைத்தன. பயிற்றுநர் ஐயா சொன்னது அப்படியே இருந்தது. சுடுதளத்தில் இடப்பக்கக் கீழ்மூலையில் சுட்டவர்களில் நான்கு பேருடைய தடங்களிலும் விசை விடுபடும் கணத்தில் முனை அதே திசையில் இறங்கியிருந்தது. அவர்கள் அனைவரும் சிமுலேட்டரில் தேர்ச்சி பெற்றவர்கள். பார்த்தபோது மிகவும் வருத்தமாக இருந்தது.

ஆகவே இப்படி மாற்றியிருக்கிறேன். முதல் மாலை மதிப்பெண் இல்லாமல், படுத்த நிலையில் தடம் மட்டும். இரண்டாம் மாலையில் முழு உடுப்போடு மண்டியிட்ட நிலையும் நின்ற நிலையும், கூடவே ஜீரோ செய்யும் முறை. மூன்றாம் மாலையில் தடங்கல் நீக்குவதும் மேகசின் மாற்றுவதும் நிலை மாறுவதும். நான்காம் மாலையில் மட்டும் தகுதித் தேர்வின் வரிசை ஒருமுறை. தோட்டா ஒதுக்கீட்டைக் குறைக்க மாட்டோம் என்று அதிகாரிகளும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.

இரண்டு ஐயங்கள் எஞ்சியுள்ளன. வேலை காரணமாக எல்லோராலும் நான்கு மாலையும் வர இயலாது. அவர்களுக்கு எந்த மாலையை விட்டுக்கொடுக்கலாம்? அடுத்தது, உதைப்பை எதிர்பார்த்து இறுகும் குறை சிமுலேட்டரிலேயே முழுமையாகப் போய்விடுமா?

—

பதில் 4: பழைய பயிற்றுநர்

நான்காம் மாலையை விட்டுக்கொடுக்கலாம். முதல் மாலையை யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். முடியாதவர்களுக்கு, முகாமின் முதல் நாள் காலையில் அரை மணி நேரம் ஒதுக்கியாவது அவர்களுடைய தடத்தை ஒருமுறை காட்டிவிடுங்கள். மாலைகளை ஒரே வாரத்தில் நெருக்கி வைப்பதைவிட வாரத்துக்கு ஒன்றாகப் பரப்புவது நல்லது. கடைசி மாலைக்கும் சுடுதள நாளுக்கும் இடையே சில நாட்களுக்கு மேல் போகவேண்டாம். சென்ற ஆண்டின் மூன்று வார இடைவெளி ரிசர்வ் படையினருக்கு மிக நீண்டது.

உதைப்பைப் பற்றிய தங்கள் ஐயத்துக்கு: முழுமையாகப் போகாது. சிமுலேட்டர் குறையைக் கண்டுபிடித்து, சரியான விசையழுத்தம் எப்படியிருக்கும் என்பதை விரலுக்குக் காட்டிக் கொடுக்கும். உடல் அதை நம்புவது சுடுதளத்தில்தான். அந்த நால்வருக்கும் ஜீரோ செய்வதற்கு முன்பாக ஒரு மேகசினைத் தாங்களே நிரப்பிக் கொடுங்கள். உண்மைத் தோட்டாக்களுக்கு நடுவே, அவர்கள் அறியாத வரிசையில், இரண்டு மூன்று போலித் தோட்டாக்களைக் கலந்துவிடுங்கள். போலித் தோட்டாவின்மேல் விசை விழும்போது ஓசை இருக்காது, ஆனால் துப்பாக்கியின் முனை கீழே குத்தும். அதை அவர்களே காண்பார்கள். சிமுலேட்டரில் பார்த்த அதே கோடு இது என்று அந்தக் கணத்தில் அருகிலிருந்து சொல்லுங்கள். சொன்னதும் மேகசினை மீண்டும் கலந்து கொடுத்து, போலித் தோட்டாவிலும் முனை அசையாமல் நிற்கும்வரை தொடருங்கள். அதன் பிறகு ஜீரோ செய்யத் தொடங்கலாம்.

ஒவ்வொருவரும் சிறு குறிப்பேடு வைத்திருக்கட்டும். துப்பாக்கியின் எண், ஜீரோ செய்தபோது நகர்த்திய சொடுக்குகள், தன் தடத்தில் கண்ட குறை ஆகிய மூன்றை மட்டும் எழுதினால் போதும். முகாம் முடிந்ததும் அந்தக் குறிப்பேடுகளைத் தாங்களே வாங்கி வைத்திருந்து, அடுத்த ஆண்டு முதல் மாலையன்று வாசலில் திருப்பிக் கொடுங்கள்.